ஒழுக்குப் பார்க்க வந்தவர்

எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரை நாக்கில் வைத்து ருசி பார்த்த ஒரே மனிதர் என் மாமனார்தான். ஒழுகினால் என் மனைவி வாளி வைப்பாள். நான் புத்தகங்களை இடம் மாற்றுவேன். அவர் மட்டும் அண்ணாந்து நின்று, உள்ளங்கையில் நாலைந்து சொட்டு ஏந்தி, சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கல்யாண வீட்டுப் பாயசத்தில் இனிப்புச் சரியா என்று பார்க்கிற தலைமைச் சமையல்காரரின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும்.

“சுண்ணாம்பு ருசி அடிக்குதுங்க மாப்பிள்ளை. இது மேக்கால மூலையில எறங்கி வார தண்ணி.”

நான் மேற்கு மூலைக்கு ஓடுவேன். அங்கே தளம் காய்ந்து கிடக்கும். திரும்பி வந்து சொன்னால், “அப்ப தண்ணி முந்தீட்டுதுங்க” என்பார். தவறு தண்ணீருடையதுதான். அவருடையதாக ஒருநாளும் இருந்ததில்லை.

பாதி இந்தியாவுக்குத் துளை போட்டுவிட்டு வந்தவர் அவர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஏறி, வடக்கே மொழி தெரியாத ஊர்களில் எல்லாம் ஆழ்துளைக் கிணறு தோண்டியவர். குழாய் இறங்க இறங்க மேலே வருகிற சேற்றை நாக்கில் வைத்து, நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்று சொல்வாராம். சொன்னது பலித்ததா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பூமிக்குக் கீழே தண்ணீர் தேடிய அதே திறமையைத் தலைக்கு மேலே ஒழுகுகிற தண்ணீருக்கும் பயன்படுத்தலாம் என்பது அவருடைய நம்பிக்கை. இப்போது அவர் இல்லை. எங்கள் வீட்டில் யாராவது தண்ணீரைக் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினால் நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம்.

ஒழுகிய வீட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டுக்காரனின் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் கட்டடவியல் நடத்துகிறவன். கான்கிரீட் ஏன் விரிசல் விடுகிறது, உள்ளே கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு, தொண்டை வறள நடத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், கூடத்தில் மூன்று வாளியும் ஒரு சோற்றுக் குண்டானும் வரவேற்கும். பழைய மாணவன் ஒருவன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தான். மேலே பார்த்தான், கீழே குண்டானைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “ஆராய்ச்சிக்காக விட்டு வெச்சிருக்கேன்” என்றேன். மரியாதை தெரிந்த பையன், தலையாட்டினான்.

வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகள் நான் கட்டியவை. பின்பக்கம், கூடமும் சமையலறையும், என் அப்பா கட்டியது. ஒழுகியது பின்பக்கம்தான். அதற்கு ஒட்டுப்போட்டுச் சமாளிப்பதா, இடித்துவிட்டுப் புதுத் தளம் போடுவதா என்பதுதான் கேள்வி. மற்றவர்கள் கேட்டால் இதற்கு ஒரே நிமிடத்தில் பதில் சொல்வேன். என் வீடு என்று வந்ததும் எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. கல்லூரியில் ஒருவர் மருந்து ஊசி போட்டு விரிசலை அடைக்கலாம் என்றார். இன்னொருவர் மேலே தகர ஷீட் போட்டுவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருங்கள் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தாளில் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் ஒட்டுப்போடுவதன் நன்மைகளையும் மறுபக்கம் இடிப்பதன் நன்மைகளையும் எழுத உட்கார்ந்தேன். மேலே இருந்து ஒரு சொட்டு விழுந்து மை கலைந்தது. சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்துவிட்டேன். அந்த நாளைக்கு வர வருஷங்கள் ஆயின.

என் மனைவிக்குக் கூரையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவளுடைய அம்மா இறந்தபின் அப்பா ஜேடர்பாளையத்துப் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். ஒரு வேளைச் சோறு வடித்து அதையே மூன்று வேளையும் மோர் ஊற்றிக் கரைத்துக் குடிப்பார். “இங்க வந்து எங்ககூட இருங்கப்பா” என்று இவள் அழாத குறையாகக் கேட்பாள். அவர் அசையமாட்டார்.

“பொண்ணு குடுத்த ஊட்டுல போயி ஒக்காந்து திங்கறதுக்கா சாமி இத்தன நாளு ஒழைச்சேன்?”

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போகிற அப்பாக்களுக்கு இந்தக் கூச்சம் கொஞ்சம் எல்லோருக்குமே உண்டு. இவர் அதைச் சட்டமாகவே வைத்திருந்தார். “ஒறம்பரைக்கு வந்தா பொழுதோட கெளம்பீரோணும். வேலைக்கு வந்தா வேலை முடியறமட்டும் இருக்கலாம். தப்பில்லை.” உறவாடப் போகிறவன் சாயங்காலமே கிளம்பிவிட வேண்டும் என்பது அதன் பொருள்.

அவர் உறவாட வந்த நாட்களைப் பார்க்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றியதும் குனிந்து, அதைத் தெருப்பக்கம் பார்த்துத் திருப்பி வைப்பார். வரும்போதே போகிற ஏற்பாடு. நாற்காலியின் நுனியில் உட்காருவார். மஞ்சள் பையை மடியிலேயே வைத்துக்கொள்வார். சாப்பாட்டில் எது இருந்தாலும் “நெம்ப நல்லாருக்குதுங்க” என்பார். ஒருமுறை இவள் ரசத்தில் உப்புப் போடவே மறந்துவிட்டாள். அதற்கும் நெம்ப நல்லாருக்குதுங்க. பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுவார். அவர் போனபிறகு இவள் வெகுநேரம் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

முதல்முதலாக ஒழுகிய ஐப்பசியில், போனில் பேச்சோடு பேச்சாக அப்பாவிடம் அதையும் சொல்லிவைத்தாள். மறுநாள் விடிந்ததும் அவர் வந்து நின்றார். முன்வாசலுக்கு வரவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் செருப்பைக் கண்டபடி உதறிவிட்டார். ஒரு கையில் தார் டின், தோளில் ரிக் வண்டிக்குப் போர்த்தியிருந்த பழைய தார்ப்பாய். வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு லுங்கிக்கு மாறினார். “எங்க ஒழுகுது, காட்டுங்க மாப்பிள்ளை” என்று அவர் கேட்டபோது குரலே வேறாக இருந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் இரண்டாவது வாயிலேயே கத்தினார்.

“என்ன அம்மணி இது, கொழம்புல உப்பையே காணோம்? வேலை செய்யறவனுக்கு இப்பிடியா சோறு போடுவ?”

மாமனார் கோபித்துக்கொண்டு போய்விடப் போகிறாரே என்று அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் நான் அதற்கு முன் பார்க்காத சந்தோஷம். உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். திட்டு வாங்கிக்கொண்டு ஒருத்தி எதற்கு இத்தனை பூரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு எதுவும் சீக்கிரம் விளங்காது. கான்கிரீட் இறுகக்கூட அவ்வளவு நேரம் ஆகாது.

தேங்காய்ச் சம்பவம் இரண்டாவது வருஷம் நடந்தது. கிணறு வெட்டுவதற்கு முன்னால் தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தில் நடந்து நீரோட்டம் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கீழே தண்ணீர் இருக்கிற இடத்தில் கையிலிருக்கிற தேங்காய் தானாக நட்டுக்கொண்டு நிற்கும். எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே ரிக் வண்டியை நிறுத்துவார்கள். மாமனார் இதில் பேர் பெற்றவர். ஆனால் மொட்டை மாடியில் நீரோட்டம் பார்த்தவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

“தண்ணி உள்ள எறங்கற எடம் ஒன்னு, சொட்டற எடம் ஒன்னுங்க மாப்பிள்ளை. சொட்டற எடத்துல பூசிப் பிரயோசனமில்லை. ஊத்துக்கண்ணைப் புடிக்கோணும்” என்றார். கொள்கை சரிதான். நானே அதைப் பாடமாக நடத்துகிறேன். ஊற்றுக்கண்ணைப் பிடிக்க அவர் எடுத்த வழிதான் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. தன் தோட்டத்துக் காயாகப் பார்த்துக் கொண்டுவந்திருந்தார். குடுமியோடு உரித்த காய். கடைக்காய் பேசாதாம். வலது உள்ளங்கையில் அதைப் படுக்க வைத்துக்கொண்டு, கண்ணை மேலே செருகி, மாடியில் அடிமேல் அடி வைத்து நடந்தார். அவருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நான், கட்டடவியல் முதுநிலைப் பட்டதாரி. பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்தவர்கள் துணியை மறந்து நின்றார்கள். கிழக்கே போனோம், வடக்கே திரும்பினோம். ஓர் இடத்தில் அவர் கை நடுங்கியது. தேங்காய் மெல்ல எழுந்து நட்டமாக நின்றது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

“இங்கதானுங்க! இதுக்குள்ளதான் தண்ணி கெடக்குது!”

உள்ளேதான் கிடந்தது. நாங்கள் இருவரும் முட்டிக்கொண்டு நின்ற இடம் எங்கள் மேல்நிலைத் தொட்டி.

நான் சிரிக்கவில்லை. மாமனார் முன்னால் சிரிக்கிற தைரியம் எனக்கு அன்றும் இல்லை, என்றும் இல்லை. அவர் தொட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, “கை பொய் சொல்லலீங்க” என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் இவள் அந்தத் தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்தாள்.

அவர் ஒட்டுப்போட்டால் நிற்காது என்று சொல்லிவிட முடியாது. போட்ட இடத்தில் நிற்கும். அடுத்த இடத்தில் ஆரம்பிக்கும். கூடத்தில் அடைத்தால் சமையலறையில் சொட்டும். சமையலறையில் அடைத்தால் சாமி படத்துக்கு மேலே கசியும். “தண்ணி நெம்பக் கெட்டிக்காரிங்க மாப்பிள்ளை. இக்கட்ட அடைச்சா அக்கட்ட போயிருது” என்பார். சம்பந்தி வீட்டாரைப் பாராட்டுகிற மாதிரி மனசார இருக்கும் அந்தப் பேச்சு. ஒவ்வொரு மழைக்காலமும் அவர் தங்குகிற நாட்கள் கூடிக்கொண்டே போயின. உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தது. ராத்திரி சாப்பிட்டபின் வடநாட்டுக் கதைகள் சொல்லுவார். மூன்று ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்ட கதையைக் கேட்டு இவள் முதல்முறை கேட்பது போல வாய்பிளப்பாள்.

ஒருநாள் எனக்குச் சந்தேகம் தட்டியது. பூசிக்கொண்டே வந்தவர் ஒரு விரிசலுக்கு முன்னால் உட்கார்ந்து, அதை நன்றாகப் பார்த்துவிட்டு, பூசாமல் எழுந்து போனார். பெரிய குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அரியர் வைத்த பையனை நான்கூட அப்படிப் பார்த்ததில்லை.

“ஏனுங்க, உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதுங்களா?”

“தெரிஞ்சா சொல்ல வேண்டாமா? இந்தக் கோடையில மொத்தத்தையும் இடிச்சுட்டுப் புதுசாப் போட்டுரலாம். ஒரேயடியாத் தீந்துரும்.”

“தீந்துரும். தளத்த மாத்தீட்டா எங்கப்பா எதுக்குங்க இங்க வருவாரு?”

நடுவில் கோடு கிழித்த அந்தத் தாளில் எந்தப் பக்கத்திலும் இது இல்லை. அன்றைக்குக் கட்சி மாறியவன்தான் நான். அதன்பின் அவர் மாடியிலிருந்து “நின்னுருச்சுங்களா மாப்பிள்ளை?” என்று குரல் கொடுத்தால், காய்ந்த சுவரைத் தடவிக்கொண்டே, “இன்னும் ஈரம் இருக்குதுங்க மாமா” என்பேன். வகுப்பில் நீர்க்கசிவைத் தடுக்கும் முறைகளை நடத்திவிட்டு, வீட்டில் கசிவு நின்றுவிடக் கூடாதே என்று அர்த்தநாரீசுவரரை வேண்டிக்கொண்ட வாத்தியார் எங்கள் திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் என்னைத் தவிர இருந்திருக்க முடியாது.

இந்தச் சாமர்த்தியம் எல்லாம் ஒரு மத்தியானத்தோடு முடிந்தது. இவள் அடுப்பில் குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு, அப்பாவுக்கு மோர் கொடுக்கப் பின்வாசலுக்கு வந்தாள். அவர் சொம்பைக் கையில் வாங்கவும் உள்ளே படாரென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தோம். முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து நேராக அடுப்பின் மேல் விழுந்திருந்தது. குழம்புச் சட்டி நசுங்கிக் கிடந்தது. மேலே துருப்பிடித்த கம்பிகள் இற்றுப் போய்த் தெரிந்தன. இவள் நின்றுகொண்டிருந்த இடம் அது.

அவர் ஒரு காரைத் துண்டை எடுத்துக் கையில் வைத்து நசுக்கினார். பொடியாக உதிர்ந்தது. வெளியே போய்த் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“இடிச்சுப்புடுங்க மாப்பிள்ளை.”

“அந்த எடத்துல மட்டும் ஒட்டுப் போட்டாப் போதும்ங்க மாமா. நீங்களே இருந்து...”

“வாத்தியாருங்க நீங்க. நானா உங்களுக்குச் சொல்லோணும்? கம்பியே போயிருச்சு.” தலையை நிமிர்த்தாமலே பேசினார். “எம்புள்ள கையால சோறு திங்கறதுக்கு எனக்கொரு சாக்கு வேணும்னு, அவ தலைக்கு மேல கல்லக் கட்டித் தொங்க விட்டுட்டு இருந்திருக்கறனுங்க. போதும். இடிச்சுப்புடுங்க.”

அவர் வேண்டுமென்றே விட்டுவைத்தது எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லோருமாகச் சேர்ந்து அத்தனை மழைக்காலங்களாக அந்தக் கூரைக்கடியில் நின்று நடித்திருக்கிறோம்.

அந்தக் கோடையில் இடித்தோம். நாங்கள் முன்னறைகளில் ஒண்டிக்கொள்ள, அவர் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார். கொத்தனாரை ஒரு நிமிடம் நிம்மதியாக விடவில்லை. கலவையைக்கூட நாக்கில் வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். தளம் போட்டு முடித்ததும் மேலே சின்னச் சின்ன வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கினார்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் போல அவர் காலையும் மாலையும் குழாயைப் பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தார். பிறகு கீழே வந்து, அண்ணாந்து, கையை நீட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்பார். ஒன்றும் விழாது.

“சொட்டுக்கூட எறங்கலீங்க மாப்பிள்ளை” என்றார் ஒருநாள். நல்ல செய்திதான். இழவு சொல்ல வந்தவரின் குரலில் சொன்னார்.

வெள்ளையடித்து முடித்த அன்று பின்பக்கம் போய்ச் செருப்பை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்து மாட்டிக்கொண்டார். பஸ் நிலையத்தில் நான், “அடிக்கடி வாங்க மாமா” என்றேன். “வாரனுங்க. ஒறம்பரைக்கு வாரேன்” என்றார். பஸ் நகர்ந்தபின்னும் என் கை ஆடிக்கொண்டே இருந்தது. நன்றாகத் தளம் போட்ட பொறியாளனை அன்று யாராவது இரண்டு அறை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஐப்பசி வந்தது. வெளுத்து வாங்கியது. தெருவெல்லாம் வெள்ளம். நானும் அவளும் கூடத்தில் உட்கார்ந்து வெள்ளை வெளேரென்ற கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கறை இல்லை, ஒரு கசிவு இல்லை. வீடு ஒழுகவில்லையே என்று துக்கம் காத்த குடும்பம் ஊரில் நாங்கள் மட்டும்தான்.

அவர் வரவில்லை. தீபாவளிக்கு ஒருமுறை வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நெம்ப நல்லாருக்குதுங்க என்று சொல்லிவிட்டு, பொழுதோடு போய்விட்டார். கன்னம் ஒட்டியிருந்தது. அதற்குப்பின் பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன் செய்து, அவருக்குக் காய்ச்சல் கண்டு படுத்து எழுந்ததாகவும், அடுப்பே பற்ற வைப்பதில்லை என்றும் சொன்னார். நாங்கள் போய்க் கூப்பிட்டோம். “காச்சலெல்லாம் போயிருச்சு சாமி. நான் நல்லாத்தான் இருக்கறேன்” என்று எங்களுக்கே இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இப்படியே விட்டால் அப்பாவைப் பறிகொடுத்துவிடுவோம் என்று இவள் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

அடுத்த மழையன்று அவள் போனை எடுத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“அப்பா, புதுத் தளம் ஒழுகுதுங்கப்பா.”

“எங்க?”

“கூடத்துல. மேக்கால.”

“நாளைக்கு வெடியால வாரேன். மாப்பிள்ளைய மாடி ஏற வேண்டாம்னு சொல்லு. வழுக்கி உளுந்து வெப்பாரு.”

மறுநாள் காலை பல் துலக்கும்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. “ஏனுங்க, அவரு வந்து பாத்தா எதைக் காட்டறது?” என்றாள். மேலே பார்த்தோம். கூரை காய்ந்து பளபளத்தது.

பஸ் வருகிற நேரம். மக்கில் தண்ணீர் எடுத்து மேலே வீசினேன். எறிகோணத்தைப் பற்றி எனக்குப் படிப்பறிவு உண்டு. முதல் வீச்சு அப்படியே என் முகத்துக்குத் திரும்பி வந்தது. இரண்டாவது டியூப்லைட்டில் பட்டு அது கண் சிமிட்டி அணைந்தது. “அட கெரகமே, நவுருங்க” என்று இவள் ஒட்டடைக் கொம்பின் நுனியில் என் துண்டை நனைத்துக் கட்டிக் கொடுத்தாள். ஸ்டூலின் மேல் ஏறி, நானே நின்று போட்ட தளத்தை நானே ஈரத்துண்டால் ஒத்தி ஒத்தி எடுத்தேன். ஒருவழியாக ஒரு கறை வந்தது. இரண்டு சொட்டும் விழுந்தன. அவ்வளவு பெருமையாக நான் எந்தக் கட்டடத்தையும் பார்த்ததில்லை. கேட் சத்தம் கேட்டது. கொம்பைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். மக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

முன்வாசலுக்குத்தான் வந்தார். செருப்பைக் கழற்றித் தெருப்பக்கம் திருப்பி வைத்தார். மெலிந்து, சட்டை தொளதொளவென்று இருந்தது. உள்ளே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

“நெம்பத்தான் ஒழுகுதாட்டம் இருக்குதுங்க” என்றார்.

கறைக்கு அடியில் போய் நின்றார். கையை நீட்டினார். நல்லவேளை, ஒரு சொட்டு விழுந்தது. சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். அத்தனை வருஷமும் மேற்கு, கிழக்கு என்று தப்புத் தப்பாகவே சொன்ன நாக்கு அது.

கண்ணைத் திறந்தார். “பிளீச்சிங் பவுடர் வாசம் அடிக்குதுங்களே மாப்பிள்ளை.”

நகராட்சிக் குழாய்த் தண்ணீர். வாய் என்னைக் கேட்காமலே பேசியது: “இப்பல்லாம் மழையே அப்பிடித்தான் பெய்யுதுங்க மாமா. காத்துல மருந்து கலந்துருச்சு.”

“அப்பிடீங்களா. படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றார். முகத்தில் ஓர் அசைவு இல்லை. மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஒரு தேங்காயை எடுத்தார். குடுமியோடு உரித்த காய். எதற்கும் இருக்கட்டும் என்று வரும்போதே எடுத்து வந்திருக்கிறார்.

உள்ளங்கையில் அதைப் படுக்க வைத்துக்கொண்டு, கூடத்திலேயே நடக்க ஆரம்பித்தார். மேற்கே போனார். கறைக்கு அடியில் தேங்காய் அசையவில்லை. சமையலறை வாசல் வரை போய்த் திரும்பினார். மெல்ல, அடிமேல் அடி வைத்து, என்னை நோக்கி வந்தார். நான் பின்னால் நகர்ந்தேன். சுவர் வந்துவிட்டது. எனக்கு நேரே வந்து நின்றதும் அவர் கை நடுங்கியது. தேங்காய் எழுந்து நட்டமாக நின்றது.

“ஊத்துக்கண்ணு இங்க இருக்குதுங்க” என்றார்.

என் கையிலிருந்து மக் கீழே விழுந்து உருண்டது. இவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஏற்கெனவே முகமெல்லாம் தண்ணீர் என்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர் தேங்காயை மகள் கையில் கொடுத்தார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். மாமனார் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“இது லேசுல அடையற ஊத்து இல்லீங்க மாப்பிள்ளை. இருந்துதான் பாக்கோணும்.” பிறகு அவள் பக்கம் திரும்பினார். “வெடியால இருந்து ஒன்னும் திங்கல அம்மணி. சோத்தப் போடு. கொழம்புல உப்பு இருக்கோணும், ஆமா.”

சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். குனிந்து, தெருவைப் பார்த்துக் கிடந்த செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார்.